மேலே 12, கீழே எத்தனை?

முதலில் ஒரு சிறு கணக்கு. செல்வி, மாணிக்கம் என்று ஒரே வகுப்பில் இருவர். இருவரும் மழைக்காலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். தமிழாசிரியர் சிவப்பு மையால் சுழித்ததில் செல்வியின் தாளில் 12 பிழைகள்; மாணிக்கத்தின் தாளில் 6. இருவரில் அதிகமாகப் பிழை செய்பவர் யார்?

"செல்விதான்" என்று வாய் முந்திக்கொள்கிறது, அல்லவா? சற்றுப் பொறுங்கள். செல்வி எழுதியது ஆறு பக்கம். மாணிக்கம் எழுதியது ஒன்றரைப் பக்கம். செல்விக்குப் பக்கத்துக்கு இரண்டு பிழை, மாணிக்கத்துக்கு நான்கு. மேலே உள்ள எண்ணை மட்டும் பார்த்துச் செல்வியைத் திட்டியிருந்தால் அநியாயமாகப் போயிருக்கும்.

பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று படித்திருப்பீர்கள். பகுதியைப் பார்க்க மறந்தால் பரீட்சையில் இரண்டு மதிப்பெண் போகும். ஆனால் ஆராய்ச்சி உலகில் அதை மறந்தபோது, எத்தனையோ தாய்மார்கள் பல ஆண்டுகள் ஒரு பெரும் பழியைச் சுமக்க நேர்ந்தது.

நான் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவன். மனநோயைப் பற்றி எழுத உனக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன், இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவன், வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். அறையில் யாருமே இல்லாதபோது தன்னைப் பற்றிப் பலர் பேசுவது காதில் விழுகிறது என்றான். சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று பட்டினி கிடந்தான். மனச்சிதைவு நோய் என்றார் மருத்துவர். அவனை ஊருக்கு அழைத்துப்போக வந்த தாய் விடுப்புக் கடிதத்தை என்னிடம் நீட்டிவிட்டுக் கேட்டார்: "நான் வளத்ததுல என்ன சார் தப்பு? சொந்தக்காரங்க எல்லாரும் என்னையத்தான் சொல்றாங்க."

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தேடிப் பார்ப்பது எங்கள் தொழிலின் பழக்கம். தேடியதில் கிடைத்த கதை இது.

மனச்சிதைவு என்பது மூளையின் வேலையைப் பாதிக்கும் ஒரு நோய். உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவரிடம் இது காணப்படுகிறது. பெரும்பாலும் பதின்பருவத்தின் முடிவிலோ இருபதுகளிலோ தொடங்கும். சினிமாவில் காட்டுவதுபோல் ஒரே ஆள் இரண்டு ஆளாக மாறுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மருந்து உண்டு, பலர் தேறி வேலைக்கும் போகிறார்கள். ஆனால் குணமான பிறகும் நோய் திரும்பி வரலாம். 'திரும்பி வருதல்' என்ற இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

பழி பிறந்த கதை

அமெரிக்காவில் பணியாற்றிய ஃப்ரீடா ஃப்ரொம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர் 1948ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில் 'மனச்சிதைவை விளைவிக்கும் தாய்' என்று பொருள்படும் ஒரு சொல்லைப் பயன்படுத்தினார். குழந்தையிடம் பாசம் காட்டாமல், ஆனால் பிடியையும் விடாமல் வளர்க்கும் தாயினால் இந்த நோய் வரலாம் என்பது கருத்து. அவர் சிறந்த மருத்துவர், நோயாளிகளிடம் மிகுந்த பரிவு உள்ளவர். ஆனால் அந்தச் சொல் அவர் கையை விட்டு ஓடிவிட்டது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1956இல், கலிபோர்னியாவிலிருந்து மிகப் புகழ்பெற்ற ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் நால்வர்: கிரெகரி பேட்சன், டான் ஜாக்ஸன், ஜே ஹேலி, ஜான் வீக்லண்ட். இவர்களில் பேட்சன் மானிடவியலாளர். வீக்லண்ட் இரசாயனப் பொறியியல் படித்தவர். அவர்கள் சொன்னதை நம் ஊர் வழக்கில் 'இருதலைக் கொள்ளி எறும்பு' எனலாம். மருத்துவமனையில் இருக்கும் மகனைத் தாய் பார்க்க வருகிறாள். மகன் ஆசையோடு தோளில் கை போடுகிறான். தாயின் உடல் விறைக்கிறது. மகன் கையை எடுத்துக்கொள்கிறான். உடனே தாய், உனக்கு என்மேல் அன்பே இல்லையா என்று கேட்கிறாள். கை போட்டாலும் தவறு, எடுத்தாலும் தவறு! இப்படியே வளரும் பிள்ளையின் சிந்தனை சிதையாமல் என்ன செய்யும் என்று அவர்கள் கேட்டார்கள்.

இந்தக் கருத்து அன்று பலரை ஈர்த்ததற்குப் பௌதிகமும் ஒரு காரணம். உங்கள் வீட்டு மின்சார இஸ்திரிப் பெட்டியைப் பாருங்கள். சூடு ஏறினால் உள்ளே இருக்கும் இரட்டை உலோகப் பட்டை வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கிறது. சூடு குறைந்தால் பட்டை நிமிர்ந்து மீண்டும் இணைக்கிறது. விளைவே திரும்பிவந்து காரணத்தைக் கட்டுப்படுத்துகிறது. இதற்குப் பின்னூட்டம் என்று பெயர். நார்பர்ட் வீனர் என்ற கணித மேதை 1948இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். குடும்பமும் இப்படிப்பட்ட ஓர் அமைப்புதானே என்று பேட்சன் குழுவினர் கேட்டார்கள். ஒருவர் குரலை உயர்த்தினால் இன்னொருவர் மௌனமாகிறார். அந்த மௌனம் முதலாமவரை மேலும் கத்த வைக்கிறது. அப்படியானால் ஒருவரை மட்டும் தனியறையில் உட்காரவைத்துச் சிகிச்சை செய்வதில் என்ன பயன்? எல்லோரையும் சேர்த்து உட்கார வையுங்கள்!

குடும்பச் சிகிச்சை என்ற துறை தழைத்தது இப்படித்தான். 1962இல் இதற்கென்றே 'ஃபேமிலி பிராசஸ்' என்ற ஆய்விதழ் தொடங்கியது. 1975இல் அமெரிக்காவில் இன்னொன்று, 1979இல் இங்கிலாந்தில் இன்னொன்று. கட்டுரைகள் குவிந்தன. குடும்பத்தை ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நல்ல எண்ணம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அந்த எண்ணத்தோடு சேர்ந்து பழியும் வளர்ந்தது. 1940களின் இறுதி முதல் 1970களின் தொடக்கம் வரை, பிள்ளைக்கு நோய் என்று வந்த பல பெற்றோரை, குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்களைப்போலவே மருத்துவ உலகம் பார்த்தது.

சிங்கப்பூரில் ஒரு சுவர்

இவ்வளவு கட்டுரைகள் சொன்னால் உண்மையாகத்தானே இருக்கும் என்று தோன்றுகிறதா? அதற்கு விடை காணச் சிங்கப்பூர் வரை போய்வருவோம்.

டெரிக் பிரைஸ் என்ற ஆங்கிலேயர் பௌதிகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். 1940களின் இறுதியில் சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் கல்லூரிக்கு ஆசிரியராகப் போனார். அங்கே நூலகக் கட்டடம் இன்னும் முடியவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1665 முதல் வெளியிட்டுவரும் ஆய்விதழின் பழைய தொகுதிகள் வந்து இறங்கியிருந்தன. அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கப் பிரைஸ் தம் வீட்டுக்கே கொண்டுபோனார். பத்து ஆண்டுக்கு ஓர் அடுக்காகப் படுக்கையறைச் சுவரோரம் அடுக்கினார். அடுக்குகளின் உயரத்தைப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வகுப்பில் நாம் வரைகிறோமே, இரட்டித்து இரட்டித்து மேலே பாயும் வளைகோடு, அது சுவரில் புத்தகங்களாக நின்றது!

பிற்பாடு அவர் பல துறைகளையும் எண்ணிப் பார்த்து, விஞ்ஞானக் கட்டுரைகளின் எண்ணிக்கை சுமார் 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று 1963இல் ஒரு நூலில் எழுதினார். பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை இரட்டித்தால் 150 ஆண்டில் எத்தனை மடங்கு? பத்து முறை இரட்டிப்பு, அதாவது 1,024 மடங்கு.

(இப்படி நூலகத்தை அளந்து பார்க்கும் எண்ணம் நம்மவர் ஒருவருக்கும் உதித்தது. சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலகச் செயல்களைக் கணிதத்தால் அளக்கும் ஒரு தனித் துறை வேண்டும் என்று 1948இல் அவர் கேட்டார்.)

இதிலிருந்து நமக்குத் தேவையானது இதுதான். எந்தத் துறையிலும் கட்டுரைகள் பெருகிக்கொண்டேதான் இருக்கும். 'குடும்பத்தைப் பற்றிய ஆய்வுகள் பத்து மடங்காகிவிட்டன' என்று யாராவது சொன்னால், மொத்தக் கட்டுரைகள் எத்தனை மடங்காயின என்று கேட்க வேண்டும். அவையும் பத்து மடங்கு ஆகியிருந்தால் அந்தத் துறையின் பங்கு கூடவே இல்லை! மேலே உள்ள எண் பெரிதாகிறது. கீழே உள்ளதும் கூடவே பெரிதாகிறது.

இன்னொன்றும் உண்டு. பத்துப் பேர் மணி ஒன்பது என்கிறார்கள். பத்துப் பேரும் ஒரே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னால் அது பத்துச் சாட்சியா, ஒரு சாட்சியா? தாயைக் குறைசொன்ன பல கட்டுரைகள் முந்தைய கட்டுரைகளையே சாட்சிக்கு அழைத்தன. 1956ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆழமான சிந்தனை உண்டு, அட்டவணை கிடையாது. நோயில்லாத பிள்ளைகளின் வீட்டில் இதே இருதலைக் கொள்ளி எத்தனை முறை நடக்கிறது என்று அதில் எண்ணவில்லை. உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் நடக்காததா அது? மகனுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் அவன் அதைப் போட்டால், நேற்றுப் போட்டது பிடிக்கவில்லையா என்று நானே கேட்டிருக்கிறேன்.

சொற்களை எண்ணினார்கள்

எண்ணிப் பார்க்க முயன்றவர்களும் இருந்தார்கள். லைமன் வின், மார்கரெட் சிங்கர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1960களில் பெற்றோருக்கு மைக்கறைப் படங்களைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். விடைகளில் தெளிவின்மை, பாதியில் விட்ட வாக்கியம், தடம் மாறிய பேச்சு எல்லாவற்றையும் பிழையாகக் குறித்தார்கள். மனச்சிதைவு நோயாளிகளின் பெற்றோர் பேச்சில் பிழைகள் வெகு அதிகம் என்று முடிவு வந்தது. இது வெறும் கருத்து இல்லை, அளவீடு. உலகமே திரும்பிப் பார்த்தது.

லண்டனில் ஸ்டீவன் ஹிர்ஷ், ஜூலியன் லெஃப் என்ற இருவர் அதே சோதனையைத் திரும்பச் செய்து 1971இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுக்கும் வேறுபாடு தெரிந்தது. ஆனால் அமெரிக்கர்கள் கண்டதைவிட மிகக் குறைவாக. அதோடு அவர்கள் நிற்கவில்லை. பெற்றோர் ஒவ்வொருவரும் எத்தனை சொற்கள் பேசினார்கள் என்று எண்ணினார்கள். மனச்சிதைவு நோயாளிகளின் பெற்றோர் பொதுவாக அதிகம் பேசியிருந்தார்கள். அதைக் கணக்கில் சேர்த்ததும் வேறுபாடு மறைந்துவிட்டது! செல்வியின் ஆறு பக்கம் நினைவுக்கு வருகிறதா?

ஏன் அதிகம் பேசினார்கள்? என் ஊகத்தைச் சொல்கிறேன். இது ஊகம் மட்டுமே. பிள்ளைக்குப் பெரிய நோய் என்று கேட்ட பெற்றோர், மருத்துவர் முன்னால் உட்கார்ந்தால் கேட்டதற்கு மேலும் விளக்கத்தான் பார்ப்பார்கள். கேட்பவர் தம்மைக் குறைசொல்லக் காத்திருக்கிறார் என்று தெரிந்தால் இன்னும் அதிகம் பேசுவார்கள்.

வேறு திசையிலிருந்தும் ஒரு சான்று வந்தது. லெனர்ட் ஹெஸ்டன் என்ற அமெரிக்க மருத்துவர் 1966இல் வெளியிட்டது. மனச்சிதைவு நோயுள்ள தாய்மாருக்குப் பிறந்து, பிறந்த சில நாட்களிலேயே பிரிக்கப்பட்டு வேறிடங்களில் வளர்ந்த 47 பேரை அவர் தேடிக் கண்டார். அவர்களில் 5 பேருக்கு நோய் வந்திருந்தது. அதேபோல் பிரிந்து வளர்ந்த, ஆனால் தாய்க்கு நோயில்லாத 50 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. அந்த ஐவரை வளர்த்தது நோயுள்ள தாய் இல்லை. பிறப்புவழிக் கூறு ஒன்று உண்டு என்பதும், வளர்ப்பு மட்டுமே காரணம் என்ற பேச்சு நிற்காது என்பதும் இதில் தெரிந்தன. 47இல் மீதி 42 பேருக்கு அந்த நோய் வரவில்லை என்பதையும் பாருங்கள். பிறப்பும் முழு விதி இல்லை. 1975இல் ஹிர்ஷும் லெஃபும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பரிசீலித்து, பெற்றோரே நோயை உண்டாக்குகிறார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று நூல் எழுதினார்கள்.

கேள்வியை மாற்றியவர்

அப்படியானால் குடும்பத்துக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லையா? இங்கேதான் கதை சுவையாகிறது.

லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் 1950களின் இறுதியிலேயே வேறொரு கேள்வியைக் கேட்டிருந்தார். நோய் ஏன் வந்தது என்பது அவர் கேள்வி இல்லை. குணமாகி வீடு போனவருக்கு நோய் ஏன் திரும்பி வருகிறது? மருத்துவமனையிலிருந்து போன ஆண்களில், பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, வாடகை அறைக்கோ சகோதரர் வீட்டுக்கோ போனவர்கள் நன்றாக இருந்தார்கள். எதிர்பாராத முடிவு!

வீட்டில் அப்படி என்ன நடக்கிறது? அதை அளக்க ஒரு கருவி வேண்டும். பிரவுன் குழுவினர் உறவினர் ஒருவரிடம் நீண்ட நேரம் பேசி, பேச்சை ஒலிநாடாவில் பதிந்தார்கள். பிறகு அதைக் கேட்டு, நோயாளியைக் கடிந்துகொண்ட இடங்களை எண்ணினார்கள். எழுத்தில் பார்த்தால் போதாது, தொனியும் வேண்டும். "அவன் பத்து மணிக்குத்தான் எழுந்திருப்பான்" என்பதைச் சாதாரணமாகவும் சொல்லலாம், பல்லைக் கடித்துக்கொண்டும் சொல்லலாம். ஒரே நாடாவைக் கேட்கும் இருவர் ஒரே எண்ணிக்கைக்கு வரும்வரை பயிற்சி தரப்பட்டது. திருகு அளவியில் அளக்குமுன் சுழிப்பிழை பார்க்கிறோமே, அதைப்போல. கடுஞ்சொல், வெறுப்பு, அளவுக்கு மீறிய கவலை ஆகிய மூன்றும் சேர்ந்த இந்த அளவுக்கு 'வெளிப்படும் உணர்ச்சி' என்று பெயர் வைத்தார்கள்.

1972இல் பிரவுனும் பர்லியும் விங்கும் 101 நோயாளிகளின் முடிவை வெளியிட்டார்கள். ஒன்பது மாதத்தில், உணர்ச்சி அளவு அதிகமாயிருந்த வீடுகளுக்குத் திரும்பிய 45 பேரில் 26 பேருக்கு நோய் திரும்பியது. குறைவாயிருந்த வீடுகளுக்குத் திரும்பிய 56 பேரில் 9 பேருக்குத் திரும்பியது. வகுத்துப் பாருங்கள்: ஒன்று 58 சதவீதம், மற்றது 16 சதவீதம். இங்கே கீழே உள்ள எண்ணும் பக்கத்திலேயே இருக்கிறது, ஒப்பிட இன்னொரு குழுவும் இருக்கிறது.

கூர்மையான மாணவர் ஒருவர் இப்போது கையைத் தூக்குவார்: "ஐயா, நோய் கடுமையாக இருப்பவரைப் பார்த்துத்தானே வீட்டார் எரிச்சல் அடைவார்கள்? காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போடுகிறீர்களே!" சரியான கேள்வி. இதற்கு விடை சோதனையில்தான் கிடைக்கும். மற்றவற்றை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

லெஃப் குழுவினர் 1982இல் அதைச் செய்து காட்டினார்கள். உணர்ச்சி அளவு அதிகமுள்ள வீடுகளில் வாழும் 24 நோயாளிகள். எல்லோருக்கும் மருந்து உண்டு. திட்டமிட்ட தேர்வு இல்லாமல், குலுக்கிப் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக் குடும்பங்களுக்கு நோய் என்றால் என்ன என்று பாடம் எடுத்தார்கள். உறவினர்கள் ஒன்றுகூடித் தங்கள் அனுபவத்தைப் பேசிக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். வீட்டுக்கே போய்ப் பேசினார்கள். பத்து மணிக்கு எழுந்திருப்பது சோம்பலால் இல்லை, நோயின் குணம் என்று தெரிந்ததே சிலருக்குப் பெரிய மாற்றம். ஒன்பது மாதம் கழிந்தது. இந்த உதவி கிடைக்காத பக்கத்தில் பாதிப் பேருக்கு நோய் திரும்பியிருந்தது. கிடைத்த பக்கத்தில் ஒரே ஒருவருக்கு.

24 என்பது சிறிய எண். ஆகவே பல நாடுகளில் திரும்பத் திரும்பச் செய்தார்கள். 2010இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, நோய் திரும்புவதைப் பற்றி 32 சோதனைகளை, மொத்தம் 2,981 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. சுமார் ஏழு குடும்பங்களுக்கு உதவினால் ஒருவருக்கு நோய் திரும்பாமல் தடுக்கலாம் என்று கணக்கு வந்தது. சோதனைகளின் தரம் ஒரேமாதிரி இல்லாததால் உண்மைப் பலன் இதைவிடக் குறைவாக இருக்கலாம் என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். அப்படி எழுதுபவர்களை எனக்குப் பிடிக்கும்.

இதே ஒலிநாடா முறையைச் சண்டிகரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் செய்து 1987இல் முடிவு வந்தது. லண்டனில் ஏறத்தாழப் பாதி உறவினர்களிடம் உணர்ச்சி அளவு அதிகம். சண்டிகரில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. நகரத்தைவிடக் கிராமத்தில் இன்னும் குறைவு. நம் குடும்பங்கள் உயர்ந்தவை என்று உடனே மார்தட்டிவிடாதீர்கள். நான் பார்த்த தாயைக் குறைசொன்னதும் நம் உறவினர்கள்தாம்.

ஆனால் நாம் பெருமைப்பட வேறொன்று உண்டு. 1950களில் அமெரிக்காவின் பெதஸ்டாவில் மரே போவன் என்ற மருத்துவர், நோயாளியோடு குடும்பத்தையும் மருத்துவமனையில் தங்கவைத்து ஆராய்ந்தார். குடும்பத்தில் உள்ள கோளாறு என்ன என்பது தேடல். ஏறக்குறைய அதே காலத்தில் பஞ்சாபின் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், இடநெருக்கடியான அந்த வளாகத்திலேயே கூடாரங்கள் போட்டு உறவினர்களைத் தங்கச் சொன்னார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் 1957இல் தொடங்கியதிலிருந்தே குடும்பத்தை உடன் தங்கவைத்தது. அந்த அனுபவத்தைப் பற்றி 1963இல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் கட்டுரையும் வந்தது. இங்கே குடும்பத்தார் வந்தது குற்றம் சாட்டப்பட்டவர்களாக இல்லை. பார்த்துக்கொள்பவர்களாக வந்தார்கள். செவிலியர் போதாத நாட்டில் வேறு வழியில்லாமல் பிறந்த ஏற்பாடு என்றும் சொல்லலாம். அதனால் என்ன?

சென்ற ஆண்டு அந்தத் தாயைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். மகன் மருந்து சாப்பிடுகிறான், மாமாவின் கடையில் கணக்கு எழுதுகிறான் என்றார். அன்று சொல்ல முடியாத பதிலைச் சொல்லிவிட நினைத்து, பயணச்சீட்டின் பின்புறத்தில் 45, 26, 56, 9 என்று எழுதிக் காட்டி விளக்கினேன். நீங்கள் வளர்த்ததால் வந்த நோய் இல்லை, ஆனால் வீட்டில் பேசும் விதம் உதவும் என்றேன். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடைசி எண்ணின்மேல் விரலை வைத்தார்.

"அப்போ பொறுமையா இருந்த வீட்டுலயும் ஒன்பது பேருக்குத் திரும்ப வந்திருக்கா சார்?"

"ஆமாம்மா."

"அவங்க வீட்டையும் எல்லாரும் சொல்லியிருப்பாங்க" என்றார். பேருந்து வந்துவிட்டது. சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஏறினார்.